மஞ்சள் துண்டு

நாள் 41 — 11:30
நிலவு, தென்பள்ளம், ஏழாம் கம்பம். பதிவு: கோமதிநாயகம், மின்பணியாளர். புது வண்டியை முகாமிலிருந்து ஆறரை மணி நேரம் விடாமல் ஓட்டி வந்தேன். வேலை, கம்பத்தில் கேபிள் மாற்றுவது. வண்டி நிற்குமிடம் நிழல். சூரியத்தகடு வேலை செய்யாது. மற்றபடி எல்லாம் சரி.

13:50
கேபிள் முடிந்தது. உள்ளே வந்து, மிச்சக் காற்றும் தீர்ந்த விண்ணுடையைக் கழற்றி, தயிர்சாதப் பொட்டலத்தை முடித்துக் கண்ணயர்ந்தேன். விழித்தால் வண்டி செத்திருக்கிறது. கதவு பூட்டு. விளக்கு இல்லை. ரேடியோவில் கேட்கலாம், பேச முடியாது. எங்கோ ஒரு சின்ன விசிறி மட்டும் சுற்றுகிறது.

14:35
காரணம் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். காலடியில் ஃபியூஸ் பெட்டி. உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, வாலில் சீட்டு: "பயணத்துக்கு மட்டும். ஒப்படைக்கும்போது அகற்றவும்." சரக்குக் கப்பலில் வரும்போது பேட்டரி தீராதிருக்க ஆலையில் செருகுவது. ஒரு மணி நேரம் சும்மா நின்றால் வண்டியைப் பூட்டித் தூங்க வைத்துவிடும். அழைப்பு கேட்க ரேடியோவையும், ஈரம் தங்காதிருக்க அந்த விசிறியையும் மட்டும் விட்டுவைக்கும். வடிகட்டி வழியே அது இழுக்கும் காற்றைத்தான் நான் சுவாசிக்கிறேன்.

ஒப்படைப்பு வாங்கிக் கையெழுத்துப் போட்டவன் நானே. துண்டையும் பார்த்தேன். கம்பெனிக்காரன் காரணமில்லாமலா வைப்பான் என்று விட்டுவிட்டேன். வீட்டு ஃபிரிட்ஜில் ஸ்டிக்கரை ஆறு வருடம் பிரிக்காதவன் நான். இப்போதும் இருக்கையின் பிளாஸ்டிக் உறைமேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்தால் முதுகோடு வருகிறது.

பிடுங்கினால் வண்டி விழிக்கும், ரேடியோ பேசும். ஆனால் விழித்ததும் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும். அதற்குப் பேட்டரியில் பதினைந்து சதவீதம் போகும். கடைசியாகத் திரை காட்டியது பதினாறு. பிறகு விசிறி சுற்றாது. ஆகவே தொடவில்லை. சும்மா இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

15:20
என் மகள் பவானியின் குரல். முகாமில் பாறை ஆராய்ச்சி செய்கிறாள்.

"எப்பா, கேக்குதா? பதில் இல்லன்னதும் ஒரு மணிக்கே கெளம்பிட்டேன். இன்னொரு புது வண்டில வாரேன். சீட்டு கவரக் கிழிச்சுப் போட்டுட்டேன், வந்து வையாதீங்க."

இரவு ஏழரைக்கு வந்துவிடுவாள். விசிறி அதுவரை தாங்கும். அவள் வண்டிக்கும் கையெழுத்து என்னுடையதே; அதிலும் மஞ்சள் துண்டு இருக்கிறது. பரவாயில்லை, ஓடும் வண்டியை அது ஒன்றும் செய்யாது.

16:31
"எப்பா, வழில பாறை சரிஞ்சு கெடக்கு. எறங்கி நடந்து வேற தடம் பாக்கணும். ரெண்டு மணி நேரம் ஆவும். உடையில மூணு மணி நேரத்துக்குக் காத்து இருக்கு. பத்து நிமிசத்துல எறங்குதேன்."

ஒரு மணி நேரத்தில் அவள் வண்டி பூட்டிக்கொள்ளும். அவள் வெளியே நிற்பாள்.

பெட்டியைத் திறக்கிறேன். துண்டு வழுக்குகிறது.

16:38
பிடுங்கிவிட்டேன். விளக்கு வந்தது. திரை என்னை வரவேற்கிறது. சோதனை ஓடுகிறது. சீக்கிரம் முடி, தாயே.

16:44
பேசினேன். நான் சொன்னது: "பவானி, எறங்காத. காலடிப் பெட்டில மஞ்சளா ஒண்ணு இருக்கும், அத மொதல்ல பிடுங்கு. கேக்காத, பிடுங்கு."

"பிடுங்கிட்டேன். இதுக்குத்தான் இவ்ளோ நேரம் பேசாம இருந்தீங்களா? ஒங்களுக்குக் காத்து எவ்ளோ இருக்கு?"

சொன்னேன். "அப்ப சரி, நிதானமா தடம் பாத்துட்டு வாரேன்" என்றாள். ரேடியோ அணைந்தது.

16:52
விசிறி நின்றுவிட்டது. 

18:40
தலை கனக்கிறது. எழுத்து கோணுகிறது, மன்னிக்கவும்.

இதை எடுப்பவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் அவளிடம் காட்ட வேண்டாம். விசிறி நின்றால் இங்கே காற்று இரண்டு மணி நேரத்துக்குத்தான். அவளிடம் எட்டு என்றேன். அந்தச் சரிவில் அவள் அவசரப்பட்டு