நான்காவது கோப்பை

யாங்கோன், ஞாயிறு

ஃபஹீமாவுக்கு ஸலாம்.

நேற்று பிரேம்நாத்தும் கூட்டாளிகளும் ஒயின் ருசி பார்க்கும் கடைக்கு என்னை இழுத்துப்போனார்கள். பதறாதே, ஒரு சொட்டும் நாக்கில் படவில்லை. மோந்து மட்டும் பார்த்தேன். முதல் கோப்பையில் கிராம்பு, அடுத்ததில் புளி என்று அடித்துச் சொன்னேன். நான்காவதை, "இது கெட்டுப்போச்சு" என்றேன். ஊற்றிய பெண்ணும் மோந்துவிட்டுப் புட்டியையே மாற்றினாள்.

"மசாலாக் கடை பாய்னா சும்மாவா!" என்றான் பிரேம்நாத்.

போன வருஷக் காய்ச்சலில் மூக்கு செத்துப்போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது திரும்பிவிட்டது.

கடைக்கு வந்ததும், பூஞ்சை வாடை அடிக்கிறது என்று நீ சொன்ன ஏலக்காய் மூட்டையைத் திறந்தேன். அன்று உன்னிடம் கத்தினேனே, நீயும் த்வாண்டேக்கு உன் உம்மா வீட்டுக்குப் போனாயே, அதே மூட்டை. குப்பையில் கொட்டினேன்.

புது மூட்டை இன்னும் வாங்கவில்லை. நீ வந்து மோந்து சொன்னால்தான் வாங்குவேன்.

உன் முன்கோபக்காரன்