நாலாவது தந்தியின் கரகரப்பு

ஏப்ரல் 9

மதியம் கரும்பு லாரி ஒன்று வீட்டைக் கடந்து போனது. கூடத்தில் நிற்கும் பேஸ் கிட்டாரின் தடித்த நாலாவது தந்தி தானாகக் கரகரத்தது. அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

“ஜெகதீசு கூப்படறான் கண்ணு.”

மகன் போனதிலிருந்து அவர் இவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. அந்த மகன், என் வீட்டுக்காரர், மெல்லிசைக் குழுவில் வாசித்த கிட்டார் அது. காரியம் முடிந்ததும் குழுக்காரர்கள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் 14

சித்திரை பிறந்துவிட்டது. வாசலில் கோலம் போடவில்லை.

ஏப்ரல் 17

அத்தை இப்போது லாரிக்காகக் காத்திருப்பதில்லை. தானே தந்தியைச் சுண்டிவிட்டுக் காது கொடுக்கிறார். “ஆஸ்பத்திரியில என்னமோ சொல்ல வந்தானே, அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்றான். எனக்குத்தான் வெளங்க மாட்டேங்குது.”

தொண்டைக் குழாயை எடுத்த சாயங்காலம் அது. உதடு அசைந்தது, கரகரப்பு மட்டும்தான் வந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன். தண்ணீரா? அம்மாவா? என் பெயரா? விடிவதற்குள் போய்விட்டார்.

ஏப்ரல் 22

வாஜித்துக்கு போன் செய்தேன். அதே குழுவில் ரிதம் கிட்டார் வாசிப்பவன், இவருக்குத் தம்பி மாதிரி. தந்தியைச் சுண்டிப் போனிலேயே கேட்க வைத்தேன்.

“வெயில் பண்ற வேலை அண்ணி. மரம் காஞ்சு, கழுத்து பின்பக்கமா வளைஞ்சிருக்கும். தந்தி கழுத்து மேல குறுக்க இருக்கற ஃப்ரெட் கம்பியில இடிக்குது. கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது, ட்ரஸ் ராடுன்னு சொல்வோம். அதைக் கொஞ்சம் தளர்த்தினா சரியாயிரும். நான் வரட்டுமா?”

வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மரம் காய்ந்திருக்கிறது. அவ்வளவுதானா?

மே 3

கண்ணைக் காட்ட நாமக்கல் போகலாம் என்று கூப்பிட்டால் அத்தை வர மறுக்கிறார். “நா போன நேரம் பாத்து அவன் பேசிட்டான்னா?”

மே 6

இன்று எனக்கும் கேட்டது. ‘செல்வி’ என்று, என் பெயர். வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கிட்டார் முன்னால் நின்றேன். மறுபடி சுண்டினேன். மறுபடியும் அதே.

பயமா இருக்கு. நானும் இப்படியே இது முன்னால உக்காந்துருவனா?

மே 11

ஞாயிறு. அத்தை பார்க்கத்தான் கிட்டாரைச் சரிசெய்தேன். மறைத்துச் செய்ய மனசு வரவில்லை. கிட்டார்ப் பையிலேயே அந்தக் கம்பியைத் திருப்பும் சாவி, ஆலன் கீ, இருந்தது. வாஜித் ஸ்பீக்கரில் சொல்லச் சொல்லச் செய்தேன்.

“முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் சேத்து அழுத்துங்க. நடுவுல தந்திக்கு அடியில சந்து தெரியுதா?”

தெரியவில்லை. ஒட்டிக் கிடந்தது.

“அப்பத் தளர்த்தணும். இடப்பக்கமா கால் சுத்து போதும். இறுகியிருந்தா முரட்டுத்தனம் வேண்டாம் அண்ணி.”

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “உட்ரு சாமி. அவன் வாயைக் கட்டிப் போடாத.”

திருப்பினேன். உள்ளே ‘டக்’ என்றது. சாவியை எடுத்துவிட்டுத் தந்தியைச் சுண்டினேன்.

கரகரப்பு பாதியாகக் குறைந்திருந்தது. மரம் படியட்டும், இன்றைக்கு இது போதும் என்றான் வாஜித். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மே 13

இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன், ஸ்ருதி சேர்த்தேன். தந்தி ஆழமாக, நீளமாக, சுத்தமாக ஒலித்தது. அதில் யாரும் இல்லை.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 17

அத்தை என்னோடு பேசுவதில்லை. லாரிகள் போகின்றன. கூடம் சும்மா இருக்கிறது. இந்த அமைதிக்குத்தானே இவ்வளவும் செய்தேன்? ஏன் மனசு இப்படி அடித்துக்கொள்கிறது?

மே 22

சாயங்காலம் அத்தை தானே வந்து கிட்டார் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு தரம் சுண்டினார். சத்தம் முழுதாக அடங்கும்வரை கேட்டார். மறுபடி சுண்டினார்.

“இப்ப அவனுக்குத் தொண்ட வலிக்கலையாட்ட இருக்குது.”

அன்று ஆஸ்பத்திரியில் இவர் என்ன சொல்ல வந்தார் என்பது இனி எங்கள் இரண்டு பேருக்கும் தெரியப்போவதில்லை.

மே 29

கச்சேரியில் வாசிக்க வாஜித் வந்து கிட்டாரைக் கேட்டான். அத்தைதான் பையில் வைத்து எடுத்துக் கொடுத்தார்.

ஜூன் 8

பரமத்தி வேலூரில் கல்யாண வரவேற்பு. வாஜித் இவர் கிட்டாரை வாசித்தான். நாங்களும் போயிருந்தோம். மேடையில் இவர் வழக்கமாக நிற்கும் இடத்தை ஒரு தரம் பார்த்தேன். வாஜித் அங்கே நிற்கவில்லை, ஓரடி தள்ளித்தான் நின்றான். பிளாஸ்டிக் நாற்காலி வழியாக அந்த ஒலி முதுகில் ஏறியது.

மூன்றாவது பாட்டில் அத்தை என் தொடையைத் தட்டினார். மறுபடியும் ஏதோ குரல் கேட்டுவிட்டதோ என்று திக்கென்றது.

“வாஜித்து அப்பப் புடிச்சு நின்னுட்டே இருக்கறானே. சாப்பிட்டானான்னு கேளு கண்ணு.”

இடைவேளையில் போய்க் கேட்டேன். இல்லையாம். பந்தியில் அவனுக்குப் பக்கத்து இலையில் அத்தை உட்கார்ந்துகொண்டார்.