மாணவர் சிடியும் தொழில்காரர் சிடியும்

12 ஜூலை 2001
ஓடியது! மயில் படத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால், சேலையில் அதை நெய்யத் தறிக்கு ஏற்றும் ஜக்கார்டு அட்டையில் எங்கெங்கே துளை போட வேண்டும் என்று என் புரோகிராம் அச்சடித்துத் தருகிறது. ஐயம்பேட்டையில் அட்டை குத்தும் கோதண்டபாணி அண்ணன் தாளைக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். "இன்னாமா துர்கா, வாரம் பூரா பண்ற வேலைய முழுங்கிட்டியே! இத எனுக்கே வித்துடு" என்றார்.

என் முதல் விற்பனை! பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை.

14 ஜூலை
அவர் கடைக் கம்ப்யூட்டரில் புரோகிராமைப் போட்டுக் காட்டினேன். தொடங்கும்போது வரும் பெட்டியை நான் எப்போதும் படிக்காமல் ஓகே தட்டிவிடுவேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். 'மாணவர் பதிப்பில் செய்தது. விற்க அனுமதியில்லை.'

"விக்கக் கூடாதுன்னு போட்டுக்கீதே. நாளைக்கி போலீஸ் வந்தா நீயா நிப்ப?"

15 ஜூலை
நான் புரோகிராம் எழுதும் அந்த மாணவர் பதிப்பு சிடி, காலேஜில் கூடப் படிக்கும் அபிநவுடையது. அவன் மாமா அமெரிக்காவிலிருந்து அனுப்பியது. சின்னக் காஞ்சிபுரத்தில் அவன் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் எல்லாம் எழுதுகிறேன். சிடியோடு வந்த புத்தகத்தை வைத்து இன்று மாணவர் பதிப்பையும் தொழில்காரர் பதிப்பையும் வரி வரியாக ஒப்பிட்டோம். மொழி ஒன்று, எழுதும் திரை ஒன்று. தொழில்காரர் பதிப்பில் வேகம் கூடுதல், டேட்டாபேஸ் வசதி கூடுதல். எனக்கு அவை வேண்டாம். 'விற்கலாம்' என்ற ஒரு வரி போதும். அதற்கு விலை, அப்பாவின் ஒரு வருஷத் தறிக் கூலி!

கற்றுக்கொள்ளலாம், பிழைக்கக் கூடாது. அப்பா நெய்வார், முதலாளி விற்பார் — இங்கேயும் அதேதானா?

"மெட்ராஸ்ல காப்பி சிடி கெடைக்கும். யார் வந்து பாக்கப்போறா?" என்றான் அபிநவ்.

"மாட்டினா உனக்கு உங்க மாமா வக்கீல் வெப்பாரு. எனக்கு?"

அவன் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

19 ஜூலை
கண்டுபிடித்துவிட்டேன்! லைப்ரரியில் பழைய கம்ப்யூட்டர் பத்திரிகை. அதோடு வந்த சிடியில், எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்றித் தரும் இலவச சி++ கம்பைலர். உரிமத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இதில் செய்ததை விற்கலாம். காலேஜில் ஏன் ஒருவரும் சொல்லவில்லை? அவர்களுக்கே தெரியாதா?

ஆனால் கம்ப்யூட்டர்? அபிநவைத் திட்டிவிட்டு அவன் வாசலிலேயே போய் நிற்க வேண்டும்.

20 ஜூலை
நின்றேன். "வாங்கோ வக்கீலம்மா, கம்பைல் பண்ணுங்கோ" என்றான். சிரித்துத் தொலைத்தேன்.

22 ஜூலை
திரை முழுக்கப் பிழை. படம் வரையும் பகுதியையே புதிதாக எழுதணும். சனியனே, ஓடித் தொலையேன்!

5 ஆகஸ்ட்
ஓடுது! ஓடுதுப்பா! அழகான மெனு போயிற்று; கட்டளையைத் தட்டித்தான் ஓட்ட வேண்டும். போகட்டும். துளைகள் எல்லாம் சரி. அபிநவ் என்னைவிட அதிகமாகக் கத்தினான்.

6 ஆகஸ்ட்
கோதண்டபாணி அண்ணன் வாங்கிக்கொண்டார். உரிமத்தைத் தமிழில் சொல்லச் சொல்லி, இரண்டு தரம் கேட்ட பிறகுதான்.

27 ஆகஸ்ட்
காலையில் பக்கத்து வீட்டு போனுக்கு அவர் கூப்பிட்டார். "இன்னாமா, புது டிசைன்ல யாளிக்கு வாலக் காணோம்! அட்டைய ஏத்திட்டு தறி நின்னுக்கினு இருக்குது. உடனே வா!"

தப்பு என்னுடையதுதான், புரோகிராமில் படத்தின் ஓரத்துக் கட்டங்களை விட்டிருக்கிறேன். காலேஜில் இன்று தேர்வு. போகவில்லை. மத்தியானம் வால் வந்துவிட்டது. தறிச் சத்தம் கேட்ட பிறகுதான் பஸ் ஏறினேன்.