படகோட்டி எங்கே போனான்?

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? பாப்பா 'அம்மா எங்கே' என்று என்னைக் கேட்டு அழாமல் சாப்பிடுகிறாளா, தாத்தாவை ஆட்டிவைக்கிறாளா?

நான் நன்றாக இருக்கிறேன். சலவைக்கூடத்தில் போர்வை மூட்டையைச் சுமந்துகொண்டு, கதை நினைப்பிலேயே இறங்கியதில் ஒரு படி தவறிவிட்டது. வெறும் சுளுக்குத்தான். "கதைக்குள்ள போனவளுக்குக் கால் எங்க இருக்குன்னே தெரியல" என்று அறைத்தோழி சிரிக்கிறாள்.

எல்லாம் நீங்கள் எனக்கு வாசித்துக்காட்டிய அந்த மந்திர மர்மத் தொடரால் வந்தது. இங்கே நூலகத்தில் பன்னிரண்டு பாகமும் கிடைத்தன. படுத்தபடியே ஐந்தாம் பாகத்தை முடித்தேன். அப்பா, அதில் படகோட்டி செத்துப்போகிறான்! சின்ன வயதில் எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டி வாசித்துவிட்டு, ஆறாம் பாகத்தில் அவனைக் காணோமே என்று நான் அழுதபோது, "வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கான்மா, வந்துடுவான்" என்றீர்களே. சரியான ஆள்தான்!

இருக்கட்டும். மீதியையும் வரிசையாகப் படித்தே தீருவேன், ஒரு பக்கம்கூடத் தாண்டமாட்டேன். என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். பாப்பா கதைக்கு 'ம்' கொட்டுவதையும் நான் போன் பேசும் நாளில் கேட்கவையுங்கள், கொஞ்சம் போதும்.

அவளும் ஐந்தாம் பாகத்துக்கு வந்துவிட்டாளாமே. படகோட்டி எங்கே என்று கேட்டால், நான் எங்கே என்று கேட்டால் சொல்லும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள், நொண்டிக்கொண்டே ஓடுகிறேன். கடைசிப் பாகத்தை மட்டும் நீங்கள் வாசிக்காதீர்கள். புத்தகத்தில் எப்படி இருந்தாலும், நான் வாசிக்கும்போது அதில் படகோட்டி வீட்டுக்கு வருவான். அதை நானே விடுதலையாகி வந்து அவளுக்கு வாசித்துக்காட்டுவேன்.

உங்கள் மகள்