பனிப்பூதமும் சாவிக்காரியும்

ஜூன் 4

அன்பு வாயாடிக்கும் குண்டுவுக்கும்,

இங்க எல்லாம் அப்படியேதான் இருக்கு. சாப்பிடுறேன், வேலைக்குப் போறேன், வர்றேன். பெரியம்மாவ ரெண்டு பேரும் ரொம்பப் படுத்தாதீங்க.

வாயாடி, எப்ப போன் பண்ணாலும் தம்பிதான் எடுக்குறான். “அக்கா பாத்ரூம்ல இருக்கா”ங்குறான். அம்மா போனதுலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல நீ. சரி, பேச வேணாம். தம்பி கதை கேட்டான், இத அவனுக்குப் படிச்சுக் காட்டு, போதும். அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி செஞ்ச சாகசம். அம்மா மாதிரி எனக்குச் சொல்ல வராது.

ஸ்பானர் வீரன்னு ஒருத்தன். மீசை கூட ஒழுங்கா முளைக்கல, ஆனா பேச்சு மட்டும் பெருசு. ஊர்க்கோடியில ஒரு பனிப்பூதம் படுத்திருக்கும். அது வயிறு முழுக்க மலை மலையா மீன். ஒருநாள் பூதத்துக்கு மூச்சு வாங்கிச்சு. வைத்தியம் பாக்க வீரன் அது வாய்க்குள்ள போனான். டமால்! வாய் மூடிக்கிச்சு. வெளிய, இடுப்புல கொத்துச் சாவியோட ஒரு பொண்ணு காவல் இருந்தா. அவ பேரு சாவிக்காரி.

சாப்பாட்டு நேரம் முடிஞ்சுது. சூப்பர்வைசர் முறைக்கிறார்.

அப்பா


ஜூன் 10

அப்பாவுக்கு,

தம்பிக்குப் படிச்சுக் காட்டினேன். பூதம் ஆய் போகுமா, போனா மீனா வருமா ஐஸா வருமான்னு கேக்குறான். சாப்பிடும்போது கேட்டு பெரியம்மாகிட்ட திட்டு வாங்கினான்.

எனக்கு ஒண்ணு தெரியணும். சாவிக்காரி அம்மாதானே? மீன் கம்பெனி ஸ்டோர்ல அம்மாகிட்டதான சாவி இருந்துச்சு? இது நெசமா நடந்துச்சா? உள்ள மாட்டின உங்களுக்கு என்ன ஆச்சு? சரியா எழுதுங்க.

போன் வேணாம்.

இப்படிக்கு
நான்


ஜூன் 15

என் தங்க வாயாடிக்கு,

உன் லெட்டரப் பாத்துட்டு ரெண்டு வாய் கூடவே சாப்பிட்டேன்.

ஆமா, அம்மாதான். அத்தனையும் நெசம். உள்ள மாட்டின வீரன் அப்படியே உறைஞ்சு போயிட்டான். உதடு நீலம், ஒடம்பு கட்டை, மூச்சே நின்னு போச்சு. வெளிய கூட்டம் கூடி, “அவ்ளோதான், ஆள் காலி”ன்னு சொல்லிடுச்சு. சாவிக்காரி விடுவாளா? எல்லாரையும் தள்ளிட்டு வந்து தொறந்தா. அவன் காதுகிட்ட குனிஞ்சு, “எந்திரிய்யா, ரிப்பேர் பில்லுல யாரு கையெழுத்து போடுறது?”ன்னா. பொசுக்குன்னு கண்ணத் தொறந்துட்டான்!

குண்டுகிட்ட சொல்லு, பூதம் போனா ஐஸ்கிரீம்தான் வரும்.

ஞாயித்துக்கிழமை வர்றேன். உங்க ரெண்டு பேரையும் வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கேன். இங்க டிவி மட்டும்தான் பேசிட்டிருக்கு.

அப்பா


ஜூன் 18

அப்பாவுக்கு,

ஞாயித்துக்கிழமை வர வேணாம். வந்தா நான் பின்பக்கமா ஓடிடுவேன்.

இந்தக் கதைய அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க. நீங்களும் நெசம்னு சொல்றீங்களான்னு பாக்கத்தான் கேட்டேன்.

அம்மாவ ஹால்ல ஐஸ் பெட்டில வெச்சிருந்தாங்க. அம்மா உதடும் நீலமா இருந்துச்சு. எல்லாரும் முடிஞ்சிடுச்சு முடிஞ்சிடுச்சுன்னு சொன்னாங்க. உங்களுக்கும் அப்படித்தான சொன்னாங்க? அம்மா உங்களுக்குத் தொறந்தாங்க. நீங்க அம்மாவுக்குத் தொறக்கல. கூப்பிடக்கூட இல்ல. அழவும் இல்ல. பெட்டிக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு அந்த மெஷினையே பாத்துட்டு இருந்தீங்க. ஊருல இருக்கிற ஃப்ரிட்ஜ் எல்லாம் தொறந்து தொறந்து ரிப்பேர் பண்றீங்க.

நான்


ஜூன் 22

வாயாடி,

இதுல கதை இல்ல. மெதுவா படி. தம்பிக்குப் படிச்சுக் காட்டாத.

நான் அன்னைக்குச் சாகல. மூச்சு நிக்கல. மீன் கம்பெனி ஐஸ் ரூம்ல ஃபேன் ஓடலன்னு பாக்கப் போனேன். கதவு சாத்திக்கிச்சு, உள்பக்கக் கைப்பிடி ஒடைஞ்சிருந்துச்சு. பல்லு கிடுகிடுன்னு ஆட ஸ்பானரால கதவத் தட்டிக்கிட்டே இருந்தேன். அம்மா சத்தம் கேட்டுத் தொறந்தாங்க. அவ்வளவுதான். அம்மா காப்பாத்தினது உயிரோட இருந்தவன. மிச்சமெல்லாம் நாங்க ரெண்டு பேரும் உங்கள சிரிக்க வைக்கச் சேத்தது.

அம்மா ஆஸ்பத்திரிலயே செத்துப் போயிட்டாங்க. தலைக்குள்ள ரத்தக் குழாய் வெடிச்சிடுச்சு. அம்மா இதயம் நின்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். பெட்டி அதுக்கப்புறம்தான் வந்துச்சு. சொந்தக்காரங்க வர்ற வரைக்கும் ஒடம்பு கெடாம இருக்க. தொறந்திருந்தாலும் அம்மா எந்திரிச்சிருக்க மாட்டாங்க. குளிருக்கு ஆள எழுப்பத் தெரியாதும்மா. என் தொழிலே அது, எனக்குத் தெரியும்.

நான் மெஷினப் பாத்தது நெசம். கம்ப்ரஸர் சத்தம் சரியில்ல, பின்னாடி தூசி அடைச்சிருந்துச்சு. என் சட்டையால தொடச்சேன். அம்மா முகத்தப் பாக்க எனக்குத் தெம்பில்ல. அங்க எனக்குச் செய்யத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான் இருந்துச்சு. அழுகை இன்னும் வரல. ஏன்னு தெரியல.

“செத்துப் போயிட்டாங்க”ன்னு இப்பதான் முதல் தடவையா எழுதுறேன். யார்கிட்டயும் இப்படிச் சொன்னதில்ல.

ஞாயித்துக்கிழமை வரல. நீ சொல்ற வரைக்கும் வரல.

அப்பா


ஜூன் 27

அப்பாவுக்கு,

தம்பிக்குப் படிச்சுக் காட்டல. அவன் இப்ப ஃப்ரிட்ஜுக்கு தினமும் குட்மார்னிங் சொல்றான். சொல்லட்டும்னு விட்டுட்டேன்.

நான் ஒண்ணு சொல்றேன். பெரியம்மாவுக்குக்கூடத் தெரியாது. அன்னைக்கு நீங்க ஆளுங்களக் கூட்டிட்டு வர வாசலுக்குப் போனப்ப நான் பெட்டி மூடியத் தூக்கிப் பாத்தேன். ரெண்டு கையாலயும். கனமா இருந்துச்சு. கொஞ்சம் தூக்கினேன், யாரோ வந்தாங்க, பயத்துல விட்டுட்டேன். நான் இன்னும் நல்லாத் தூக்கியிருந்தா அம்மா வந்திருப்பாங்களோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம், என்னால முடியலன்னா என்ன, அப்பா மெக்கானிக், அப்பாவால முடிஞ்சிருக்கும்ல, அவர் ஏன் செய்யலன்னு நெனச்சேன். அதான் பேசல.

வந்திருக்க மாட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஆனா அதுக்கு முந்தின லெட்டர்ல அத்தனையும் நெசம்னும் நீங்கதான் எழுதினீங்க. அதனால இதுக்குப் பதில் எழுதி அனுப்பாதீங்க.

சாயங்காலம் போன் பண்ணுங்க. நானே எடுக்குறேன். நான் தூக்கியிருந்தாலும் அம்மா வந்திருக்க மாட்டாங்கன்னு வாயால சொல்லுங்க.

நான்