உக்கிராணத்தில் இன்னொரு கூடாரம்

ஆகஸ்ட் 19

மதியம் ஹார்லன் வந்தான். வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்தோம். பதினோரு வருடமாக அக்டோபர் வேட்டைக்குச் சேர்ந்தே மலையேறுகிறோம். எங்கே என்பதில் வருடாவருடம் சண்டை. இந்த முறை எனக்குச் சந்தேகமே இல்லை. உக்கிராணம்தான். வடக்குச் சரிவில் அடர்ந்த மரம், எல்க் மான்கள் பகலில் படுத்துக்கிடக்கும். கீழே தீ எரித்த காட்டில் புதுப் புதர், மியூல் மான் மேயும். ஒரே முகாமிலிருந்து இரண்டையும் பார்க்கலாம். நான்கு வருடம் தனியாக அலைந்து கண்டுபிடித்த பள்ளம் அது, பெயரும் நான் வைத்தது. ஹார்லன் ஒருவனுக்குத்தான் காட்டியிருக்கிறேன்.

"போன வாரம் போய்ப் பாத்தேன் வெல்டா. ஊத்து வத்திப்போச்சு. புதுசா ஒரு புழுக்கைகூட இல்ல. பேசாம கிழக்கு மேட்டுக்குப் போயிடலாம்."

அவனே பார்த்துவிட்டு வந்து சொல்கிறான். சரி, கிழக்கு மேடு.

செப்டம்பர் 28

ஹார்லனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். "நீ போயிட்டு வா, என்னால இந்த வருஷம் ஆகாது." பாவம். சூப் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்டோபர் 3

கிழக்கு மேடு. மூன்று நாளில் ஒரு தடம்கூட இல்லை.

அக்டோபர் 5

காலையில் உச்சிக்கு ஏறித் தொலைநோக்கியில் பார்த்தேன், எதிரே உக்கிராணம் தெரியும். வெள்ளைக் கூடாரம் ஒன்று. அடுப்புப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் பழுப்பு ஒட்டு. ஹார்லனுடைய கூடாரத்துக்கு அந்த ஒட்டைத் தைத்தது நான்.

இரண்டு பேர். ஒருவன் ஹார்லனுடைய புது மாப்பிள்ளை கோல்பி. இன்னொருவன் முதுகில் மூட்டையோடு விறுவிறுவென்று சரிவேறிக்கொண்டிருந்தான். இடுப்புப் பிடிப்பாம்! ஊற்றுத் தண்ணீர் வெயிலில் மின்னுகிறது, இங்கிருந்தே தெரிகிறது.

ஒருவர் காட்டிய இடத்துக்கு அவர் இல்லாமல் இன்னொரு ஆளைக் கூட்டிப்போகக் கூடாது. இந்தப் பக்கத்து வேட்டைக்காரர்களிடம் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. இப்படிச் செய்த சொந்தத் தம்பியோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தவன்தானே இந்த ஹார்லன்?

கேட்டிருந்தால் சரி என்றிருப்பேனா? தெரியல. ஆனா கேட்டிருக்கலாமே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

அக்டோபர் 6

குதிரைகளோடு வீட்டுக்கு இறங்கிவிட்டேன்.

அக்டோபர் 7

காலையில் செயற்கைக்கோள் கருவியில் ஹார்லனிடமிருந்து செய்தி. "பெரிய ஆண் எல்க் விழுந்திருக்கு. இடுப்பு நெஜமாவே போச்சு. வெயில் அதிகம். குதிரையோட வா. உக்கிராணம். மன்னிச்சுக்கோ."

கறி வெயிலில் கிடக்கிறது என்றால் யார் கூப்பிட்டாலும் போவோம். போனேன். ஹார்லன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோல்பிதான் காபி கொடுத்தான். நல்ல பையன்.

"மாமா நாலு வருஷம் தனியா அலைஞ்சு இந்த எடத்தக் கண்டுபிடிச்சாராமே. நீங்க இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?"

ஹார்லன் போட்ட முடிச்சையே அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தான். வாய் திறப்பான் என்று காத்திருந்தேன்.

"வந்திருக்கேன்" என்றேன்.

வண்டி நிறுத்திய இடத்தில் ஹார்லன் ஒரு பின்னந்தொடையை என் பக்கம் நகர்த்தினான். "எடுத்துக்கோ வெல்டா, ஃப்ரீசர் காலியா இருக்கும்ல." காலியாகத்தான் இருக்கிறது. வாங்கவில்லை.

அக்டோபர் 12

போன் நான்கு முறை அடித்தது. எடுக்கவில்லை.

நவம்பர் 2

கோல்பி இணையத்தில் படம் போட்டிருக்கிறான். கொம்புகளுக்குப் பின்னால் மலைமுகடு முழுசாகத் தெரிகிறது. தீவனக் கடையில் இரண்டு பேர் பள்ளத்தின் பெயரைச் சொல்லியே வழி கேட்டார்கள். நான் வைத்த பெயர். போச்சு, அவ்வளவுதான்.

மே 24

ஹார்லன் போன் பண்ணினான். இந்த முறை எடுத்தேன்.

"இந்த வருஷ வேட்டை அனுமதிக்கு எந்தப் பகுதி கேட்டு விண்ணப்பம் போடுற? எப்பவும் போல சேந்தே போட்டுருவோமா?"

"நான் போட்டுட்டேன் ஹார்லன்."

"எங்க?" என்றான். சொல்லவில்லை. வெப்பமான வருடம், சீக்கிரம் புல் காயும் என்று ஏதோ பேசிவிட்டு வைத்தான்.

குழுவில் எத்தனை பேர் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒன்று என்று போட எனக்கு நேற்று ஒரு மதியம் முழுக்க ஆனது.