எஸ்தர் நடக்கத் தொடங்கிய பக்கம்

அக்கா,

இலைத்துண்டு நான் நினைத்த இடத்தில் இல்லை. முதலில் அதைத்தான் கவனித்தேன்.

நேற்றுச் சாயங்காலம் உன் அம்மா வந்து எஸ்தர் கதைப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்கள். "எனக்கு வாசிக்கத் தெரியாது. பேச்சி நெதமும் கேட்டுக்கிட்டு இருக்கா. நீ வச்சுக்க பிள்ள" என்றார்கள். முகத்துக்கு அருகே கொண்டுபோனதுமே பீடித் தூள் வாசனை வந்தது. பீடி இலையை வெட்டும்போது மிஞ்சுகிற ஓரத்துண்டைத்தான் நீ எப்போதும் அடையாளத்துக்கு வைப்பாய். அது காய்ந்து மொறுமொறுப்பாகியிருந்தது. நாம் பாதிப் புத்தகத்தில் நிறுத்தியிருந்தோம். எஸ்தர் தன் புருஷனைத் தேடி நடக்கத் தொடங்கிய இடம். இலை இருந்ததோ கடைசிப் பக்கத்தில்.



நாங்கள் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி வந்த புதிதில் எனக்கு உங்கள் தெருவே பயம். மலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யாரும் யாரையும் கூர்ந்து பார்க்கமாட்டார்கள். கீழே வந்து சேர்ந்த பள்ளிக்கூடத்தில் என்னை எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னார்கள். நான்கு வரி வாசிப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஏட்டி, கரிச்சட்டிக்குக் குரல் வருது" என்றாள். வகுப்பே சிரித்தது. ஐந்தாவது வரி என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் போவதையும் நிறுத்திவிட்டேன். அம்மா அதிகம் கேட்கவில்லை. அவளுக்கும் புது ஊர், புது வேலை. இருபது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்த விரல்கள் பீடி சுற்றப் பழகிக்கொண்டிருந்தன. "இதுவும் இலைதான" என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

உன் வீட்டு முன்னறையில் பெண்கள் கூடி உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா தன் பீடித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் கதவோரம் உட்கார்ந்தேன். அங்கே டிவி ஓடவில்லை. நீ சுவரில் சாய்ந்து ஒரு மாத நாவலைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாய். உன் மடியில் தட்டு இருந்தது, ஆனால் நீ பீடி சுற்றவில்லை. மற்றவர்கள் சுற்றி முடித்ததில் ஆளுக்கு ஒரு பிடி எடுத்து உன் தட்டில் போட்டார்கள். வாசிக்கிறவளுக்கு மற்றவர்கள் சுற்ற வேண்டும், அதுதான் அந்த அறையின் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பீடி வாங்கும் கடைக்காரர் உன் கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, "என்னம்மா, ஒம் பீடி ஒவ்வொண்ணும் ஒவ்வொருத்தி சாடைல இருக்கே" என்பாராம். "எல்லாரும் ஒரே வயித்துல பொறந்ததுதான் அண்ணாச்சி" என்பாயாம் நீ.

நீ வாசித்தது எல்லாமே காதல் கதைகள். அந்தக் கதைகளில் எனக்கு ஓர் ஆச்சரியம் இருந்தது. கதாநாயகிகள் எல்லோரும் கறுப்பு. வங்கியில் வேலை பார்க்கிறவள், டாக்டருக்குப் படிக்கிறவள், பணக்கார வீட்டு ஒற்றை மகள், யாராக இருந்தாலும் "கறுத்துப் பளபளத்த கன்னம்" என்றுதான் வாசிப்பாய். அவளைப் பார்த்ததும் அவனுக்குப் பேச்சு வராது. புத்தகத்தில் இப்படியெல்லாம் எழுதுவார்களா என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் கேட்டதில்லை.

ஒருநாள் உனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. யாரையும் கேட்காமல் புத்தகத்தை என் மடியில் போட்டாய். வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று பார்த்தால் கதவை அடைத்தபடி பேச்சி மதினி உட்கார்ந்திருந்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் மதினிதான். அவள் குரலை மீறி யாரும் எழுந்து போக முடியாது. அச்சில் இருந்தபடி வாசித்தேன். "எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்த அவளுடைய கன்னம் சிவந்தது."

எல்லோர் கையும் நின்றது.

"யாருட்டி இவ புதுசா?" என்றாள் பேச்சி மதினி. "நேத்து வரைக்கும் கறுப்பால்லா இருந்தா?"

"ஒரு ராத்திரில வெளுக்க அவ என்ன வேட்டியா?" என்றாள் இன்னொருத்தி.

நான் உன்னைப் பார்த்தேன். உனக்குக் குரல் சரியாக வரவில்லை. ஆனாலும், "அச்சுப் பிழை பிள்ள. நீ சரியா வாசி" என்றாய். கண் மட்டும் சிரித்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும், இத்தனை புத்தகத்திலும், நீ வாசித்துக்கொண்டே மாற்றியிருக்கிறாய். ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை. நான் மறுபடியும் அந்த வரிக்குப் போனேன். "கறுத்துப் பளபளத்த கன்னம்" என்று வாசித்தேன். பேச்சி மதினி, "ம், அப்படிச் சொல்லு" என்று இலையை மடக்கினாள்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பழைய புத்தகக் கடையில் எஸ்தர் கதை உனக்குக் கிடைத்தது. மொழிபெயர்ப்பு நாவல். அட்டையில் நீலப் பாவாடை கட்டிய ஒரு கறுத்த பெண் தலைநிமிர்ந்து நின்றாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அட்டையையே பார்த்துக்கொண்டு வந்ததாகவும், சேரன்மகாதேவியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண், "இது யாரும்மா, ஒங்க அக்காவா?" என்று கேட்டதாகவும் சொன்னாய். "ஆமான்னு சொல்லிட்டேன்" என்றாய்.

பின்னட்டையில் எழுதியவரின் படம் இருந்தது. அதைக் கைக்குக் கை மாற்றிச் சுற்றுக்கு விட்டார்கள்.

"இவளா எழுதுனா? கண்ணாடியெல்லாம் போட்டு டீச்சரு மாதிரில்லா இருக்கா."

"அமெரிக்காக்காரி. அவ பாட்டிக்குப் பாட்டிய சந்தைல மாடு விக்க மாதிரி வித்திருக்கான்" என்றாய் நீ. "இவ என்னடான்னா உக்காந்து எழுதி அந்தப் பாட்டிக்குக் கல்யாணம் பண்ணி வைக்கா."

அந்தப் படத்தை என்னிடமிருந்து யாரும் வாங்கிவிடக் கூடாது என்று இருந்தது. நம்மைப் போல நிறம். தாடையைக் கொஞ்சம் தூக்கி, எதற்கும் பயப்படாத ஒரு பார்வை. இப்படி ஒருத்தி மேசை முன்னால் உட்கார்ந்து, தனக்கு முன்னால் இருந்தவளுக்கு ஒரு காதலைக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எஸ்தர் பருத்திக்காட்டில் வேலை செய்கிறவள். அவளும் அடிமையாக விற்கப்பட்டவள்தான். கொல்லன் பட்டறையில் வேலை செய்த ஜோசப்பை அவளுக்குப் பிடிக்கும். இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் செய்துகொண்ட கட்டத்தை நீ வாசித்தாய். தரையில் வீடு கூட்டும் வாரியலைப் போட்டு, கையைக் கோத்துக்கொண்டு இருவரும் அதைத் தாண்டிக் குதித்தார்கள்.

"நிறுத்துட்டி" என்றாள் பேச்சி மதினி. "கல்யாணத்தன்னைக்கு வாரியலையா தாண்டுதாங்க? மூதேவியில்லா அது! வெளங்குமா?"

"நீ வேற எதையாச்சும் மாத்தி வாசிச்சியா?" என்று என் அம்மாவே கேட்டுவிட்டாள். உன் வேலை அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது.

நீ புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாய். "இந்தப் புத்தகத்துல மாத்த ஒண்ணுமே இல்ல. அதான் எனக்கே வாசிக்கப் பயமா இருக்கு. அவங்க கல்யாணத்த சட்டம் ஒத்துக்கிடல. மொதலாளி நெனச்சா நாளைக்கே புருஷன ஒரு ஊருக்கும் பொண்டாட்டிய ஒரு ஊருக்கும் வித்துருவான். பத்திரம் கெடையாது, மோதரம் கெடையாது. கையில இருந்தது வாரியல்தான். அத வச்சு நாங்க புருஷன் பொண்டாட்டின்னு ஊரு முன்னால சொல்லிட்டாங்க."

பிறகு அம்மா மெதுவாகச் சொன்னாள்: "நாமளும் அடுத்தவன் தோட்டத்துலதான் கெடந்தோம். ஆனா நம்மள யாரும் விக்கல. அந்த ரெண்டு பேரும் எப்படித்தான் துணிஞ்சு தாண்டுனாங்களோ."

பேச்சி மதினி எழுந்து போய், கதவுக்குப் பின்னால் கிடந்த உன் வீட்டு வாரியலை எடுத்துச் சுவரோரம் நேராகச் சாய்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "வாசி" என்றாள்.

அதற்குப் பிறகு ஜோசப்பை வேறு ஊருக்கு விற்றுவிட்டார்கள். அடிமை முறை ஒழிந்து விடுதலை வந்தது. ஏற்கெனவே பேரன் பேத்தி எடுத்த கிழவன் கிழவிகளெல்லாம் தங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்ய வரிசையில் நின்றார்கள் என்று நீ வாசித்தபோது, முந்தானையால் கண்ணைத் துடைத்தவர்கள் பலர். எஸ்தர் மட்டும் தனியாக நின்றாள். நீலப் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஜோசப்பைத் தேடி நடக்கத் தொடங்கினாள். நீ அங்கே நிறுத்திப் புத்தகத்தை மூடினாய்.

"கெடைக்கமாட்டான். செத்துருப்பான்" என்றாள் பேச்சி மதினி. "கறுப்பிய எந்தக் கதைல வாழ விட்டிருக்கான்?"

"கெடைப்பான்" என்றாய்.

"ஒனக்குத் தெரியுமாக்கும்? ஒனக்கே இன்னும் ஒருத்தனும் வந்து சேரல."

"எனக்குத்தான் பஸ்ஸு வரல, கதைலயாவது வரட்டுமே மதினி" என்றாய். எல்லோரோடும் சேர்ந்து நீதான் அதிகம் சிரித்தாய்.

மறுநாள் உனக்குக் காய்ச்சல். பிறகு பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரி. ஒருநாள் அம்மாவோடு பார்க்க வந்தேன். கண்ணெல்லாம் மஞ்சள். "எங்க விட்டோம்னு ஞாபகம் இருக்கா பிள்ள?" என்று கேட்டாய். தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வாரமே உன்னைத் துணியில் மூடிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

உன் முன்னறை பூட்டிக் கிடந்தது. பெண்கள் அவரவர் வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சுற்றினார்கள். வெற்றிலை வாங்கப் போகும்போது, தண்ணீர் பிடிக்கும்போது என்று பேச்சி மதினி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அந்தப் பிள்ள இன்னும் நடந்துக்கிட்டே இருக்காளேட்டி. யாராச்சும் கொண்டுபோய்ச் சேருங்களேன்."

நேற்றுதான் இலையைப் பார்த்தேன். எங்களுக்கு வாசிக்கத் தொடங்கும் முன்பே நீ கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறாய், அக்கா. எல்லாக் கதையையும் அப்படித்தான் படித்திருப்பாய். எங்கே மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே. இதையும் மாற்றத்தான் ஒரு தடவை முழுக்கப் படித்திருப்பாய். மாற்ற ஒன்றும் இல்லை என்று தெரிந்திருக்கும். அப்புறம் எங்களோடு உட்கார்ந்து, எதுவும் தெரியாதவளைப் போல, ஒவ்வொரு பக்கமாக எஸ்தரோடு வந்தாய். "கெடைப்பான்" என்று நீ சொன்னது நம்பிச் சொன்னதா, பார்த்துச் சொன்னதா என்று அந்தப் பக்கத்தைப் படித்தால் தெரிந்துவிடும். என் விரல் அங்கேதான் இருந்தது. கண்ணைத் தாழ்த்தவில்லை.

இலையை எடுத்தேன். உடையாமல் பைய எடுத்து, எஸ்தர் நடக்கத் தொடங்கிய பக்கத்தில் வைத்தேன்.

இன்று மதியம் உன் அம்மா முன்னறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். "வந்து உக்காருங்க பிள்ளைகளா. வீடு சத்தமில்லாம கெடக்கு." வாரியல் சுவரோரம் நேராகச் சாய்ந்திருந்தது. நீ சாயும் சுவரை விட்டு எல்லோரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். புத்தகத்தோடு வந்த நான் வழக்கம்போலக் கதவோரம் போனேன். பேச்சி மதினி என்னைப் பார்க்கவே இல்லை. தன் தட்டிலிருந்து ஒரு பிடி பீடியை எடுத்து, அந்தச் சுவருக்கு முன்னால் கிடந்த வெறும் தட்டில் வைத்தாள். அடுத்தவள் ஒரு பிடி வைத்தாள். பிறகு என் அம்மா.

நான் எழுந்து போய் அந்தத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, ஐந்தாவது வரியையும் தாண்டி வாசித்தேன்.